ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் மவுண்ட் வாங்கும் முன்

வேட்டைத் துப்பாக்கி வீடியோவைப் பார்த்துவிட்டு அதே ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), அதே ரிங் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டும் வளையம்; மவுண்ட் என்பதும் இந்தப் பிடிப்புதான்) வேண்டும் என்று மதுரையிலும் தேடுகிறார்கள். சரி, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மேலூர்ப் பக்கம் வயலில் இறங்கும் மயில், அழகர்மலை அடிவாரத்து முயல், எதன் மேலும் குறி வைக்கக் கூடாது. இங்கே பேசுவது 0.177 இஞ்சு குண்டு போடும் ஏர் ரைஃபிளில் குறி அட்டையைச் சுடுபவர்களுக்கு. (10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் போகிறவர்கள் ஸ்கோப்பை மறந்துவிடலாம், அங்கே சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட் மட்டும்தான்.)

தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் அப்படி இல்லை. உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் வெட்டி இழுக்கும். அந்த இழுப்பில்தான் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும், சாதாரண ஸ்கோப்பாக இருந்தால் உள்ளே கண்ணாடியே ஆடிப்போகும். அதனால் ஸ்பிரிங் ரைஃபிளுக்கு என்றே செய்த ஸ்கோப், அதற்கு ஒரே துண்டாக வரும் மவுண்ட், அடியில் ஸ்டாப் பின் (மவுண்ட் நகராமல் தடுக்கும் சின்ன ஊசி) இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ரெயிலின், அதாவது துப்பாக்கி மேல் மவுண்ட் உட்காரும் தடத்தின், பின்பக்கம் சின்னத் துளை இருந்தால் அந்த ஸ்டாப் பின் அதில் இறங்க வேண்டும். முன்கூட்டியே காற்றை அடைத்துவைக்கும் பிசிபி ரைஃபிளில் உதை இல்லாத மாதிரிதான், இரண்டு தனி ரிங் போதும்.

அடுத்தது ரெயில். ஏர் ரைஃபிளில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல் (இரு பக்கமும் சரிவாக வெட்டிய தடம்). அகலமான ரெயிலுக்குச் செய்த வீவர், பிக்காட்டினி மவுண்ட் இதில் உட்காராது, கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றாலும் நம்ப வேண்டாம். ஸ்கோப் குழாய் ஒரு இஞ்சா (25.4 மி.மீ.) 30 மி.மீ.யா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். 30 ரிங்கில் ஒரு இஞ்சு குழாயை வைத்து டேப் சுற்றுவது சரிப்பட்டு வராது.

உயரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்கோப்பின் முன்வாயை வெளிப்புறமாக அளந்து பாதியாக்குங்கள், அதில் குழாயின் பாதியைக் கழியுங்கள். வாய் 48, குழாய் 25.4 என்றால் 24-இல் 12.7 போக 11.3 மி.மீ. ரெயிலின் மேல்மட்டத்திலிருந்து ரிங்கின் அடிவளைவு வரை இதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். முன்வாய்க்குக் கீழே துப்பாக்கி ரெயிலைவிட மேடாக இருந்தால் அந்த மேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹை ரிங் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைக்காதீர்கள், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படாமல் தலை ஆடும்.

மாட்டும்போது ரெயில், ரிங் இரண்டிலும் எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள், வேர்வைக் கையோடு தொடாதீர்கள். தோப்பிலோ மொட்டை மாடியிலோ தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரைஃபிளை நேராக நிறுத்தி, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டிப் போகும்வரை சுழற்றுங்கள். அப்புறம் திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்; ரிங்கின் இரு பக்க இடைவெளியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து முடுக்கினாலே போதும், நீளப் பக்கத்தைப் பிடித்தால் குழாய் நசுங்கும்.

கடைசியாக மவுண்ட்டுக்குப் பின்னால் ரெயிலில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். குண்டு இடம் மாறி விழ ஆரம்பித்தால் ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகைத் தொடும் முன் அந்தக் கோட்டைப் பாருங்கள்.