ஹெப்பர்ன் பிரௌனிக்குக் கால் கப் மாவு போதும்

ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்னின் குறிப்பைப் பார்த்து, சாக்லேட் பலகாரமான பிரௌனியை முதல் தடவை செய்தபோது, குறிப்பில் கால் கப் மைதா என்று இருந்தது. 2 முட்டை, 1 கப் சர்க்கரை, அரை கப் வெண்ணெய். இத்தனைக்கும் கால் கப் மாவா? அச்சுப் பிழையாகத்தான் இருக்கும் என்று முக்கால் கப் போட்டேன். வெளியே வந்தது டீயில் முக்கினால்தான் தொண்டையில் இறங்கும் ஒரு கேக்.

அது அச்சுப் பிழை இல்லை. 1975-இல் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் வந்த அந்தக் குறிப்பின் உயிரே அந்தக் கால் கப்பில்தான் இருக்கிறது. 2003-இல் ஹெப்பர்ன் இறந்ததும் நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அவர் அப்பா பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் ஹெப்பர்னுக்குப் பிரௌனி கொண்டுபோய்க் கொடுத்தாராம். அம்மையார் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாவு அதிகம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். என் கேக்கைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பழைய ஹாலிவுட் குறிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். விசித்திரமாகத் தெரிவதை நாமாகத் திருத்துகிறோம். உண்மையில் மாற்ற வேண்டிய அளவுகளையும் சூட்டையும் தொடாமல் விட்டுவிடுகிறோம்.

கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. வீட்டு டம்ளரை அதற்கு ஈடாக வைத்து அளந்தால் மாவு ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம் என்று கணக்கு இழுக்கும். தராசு இருந்தால் கவலை இல்லை: கால் கப் மைதா 30 கிராம், 1 கப் சர்க்கரை 200 கிராம். வெண்ணெய் 'ஒரு ஸ்டிக்' என்றால் 113 கிராம். கடையில் வாங்கியது உப்பு வெண்ணெய் என்றால் குறிப்பில் இருக்கும் கால் டீஸ்பூன் உப்பை விட்டுவிடுங்கள். இன்னொன்று, 'சலித்த மாவு 1 கப்' வேறு, 'மாவு 1 கப், சலித்தது' வேறு. முதலாவதில் சலித்த பிறகு அளக்க வேண்டும்; அதில் மாவு குறைவாகவே பிடிக்கும். பழைய குறிப்புகளில் முதலாவதுதான் அதிகம்.

அப்புறம் சூடு. 325 என்று படித்துவிட்டு ஓவன் குமிழைக் கடைசி வரை திருகியவர்களை எனக்குத் தெரியும். அது ஃபாரன்ஹீட், செல்சியஸில் 163. வெறுமனே 'மிதமான ஓவன்' என்று எழுதியிருந்தால் 175 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளலாம். டப்பாவில் அடைத்த உணவுக்கு 'நம்பர் 2 கேன்' என்று பழைய அளவு வந்தால் ஏறக்குறைய இரண்டரை கப்.

ஹெப்பர்ன் கேட்பது 2 'சதுரம்' இனிப்பில்லாத சாக்லேட். அந்தக் காலத்துச் சதுரம் 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம். இன்றைய கட்டிகளில் சதுரம் சின்னது, அதனால் எண்ணாமல் எடை போடுங்கள். இனிப்பில்லாதது கிடைக்கவில்லை என்று இனிப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டைப் போட்டால், ஏற்கெனவே ஒரு கப் சர்க்கரை இருக்கும் இடத்தில் இன்னும் சர்க்கரை சேர்ந்து பல்லில் ஒட்டும். அதற்குப் பதில் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் 3 மேசைக்கரண்டி கோகோ பவுடரும் 1 மேசைக்கரண்டி வெண்ணெயும் கூடுதலாகப் போட்டால் போதும். சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்கிய பாத்திரத்திலேயே எல்லாம் கலக்கலாம் என்பது இந்தக் குறிப்பின் அழகு. ஆனால் பாத்திரம் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் முன் முட்டையை ஊற்றினால் சாக்லேட்டில் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். 8 அங்குலச் சதுரத் தட்டில் 40 நிமிடம். நடுவில் குச்சியைக் குத்தி, சுத்தமாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். முழுதாக ஆறும் வரை கத்தி வைக்கவும் கூடாது. என் இரண்டாவது தட்டு அவசரத்தில் வெட்டியதில் கூழாகிவிட்டது. ஸ்பூனால் வழித்துத் தின்றோம், அது வேறு கதை.

ஹெப்பர்னை விடுங்கள், ஃபெட்டுச்சினி ஆல்ஃப்ரெடோ என்ற இத்தாலியப் பாஸ்தாவுக்கு நேர்ந்தது இன்னும் பரிதாபம். 1920-இல் தேனிலவுக்கு ரோம் போன மௌனப்பட நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்ஸும் ஆல்ஃப்ரெடோ டி லெலியோவின் உணவகத்தில் அதைச் சாப்பிட்டு மயங்கி, பின்னாளில் அவருக்குத் தங்க முள்கரண்டியும் கரண்டியும் பரிசளித்தார்கள் என்பார்கள். அவர்கள் சாப்பிட்டதில் கிரீம் ஒரு சொட்டுக்கூட இல்லை. வெண்ணெய், பார்மசான் சீஸ், பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் வெண்ணெயையும் சீஸையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது. அதைப் பழக்க தோஷத்தில் வடித்துக் கொட்டிவிட்டு, சாஸ் வரவில்லையே என்று கிரீமைத் தேடுகிறோம். ஒரு கப் எடுத்து வைத்துவிட்டு வடியுங்கள். அடுப்பை அணைத்த பிறகே சீஸைத் தூவுங்கள், இல்லையென்றால் நூல் நூலாகத் திரண்டுவிடும். துருவி டப்பாவில் அடைத்து விற்கும் சீஸும் வேண்டாம். ஒட்டாமலிருக்க அதில் சேர்க்கும் பொடியால் அது சரியாகக் கரையாது.

நடிகை மர்லின் மன்றோவின் ஸ்டஃபிங்கிலும், அதாவது கோழி, வான்கோழிக்குள் அடைக்கும் கலவையிலும், இதே சங்கதி. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் தாளில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு அது; 2010-இல் புத்தகமாக அச்சேறியது. புளித்த மாவு ரொட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கிறார். பயப்படாமல் பிழியுங்கள். மாட்டிறைச்சி, கோழியின் உள்ளுறுப்புகள், உலர்திராட்சை, கொட்டைகள், அவித்த முட்டை, பார்மசான் என்று எல்லாம் ஒன்றாகச் சேரும். பூண்டு கூடாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இறைச்சியைப் பார்த்ததும் இஞ்சி பூண்டு விழுதுக்குப் போகும் கையை இந்த ஒரு நாள் கட்டிப் போட வேண்டியதுதான். செய்தால் ஒரு ஊருக்கே ஆகும், பாதி அளவு எடுங்கள். பறவைக்குள் அடைத்து வேகவைக்கிறீர்கள் என்றால் மட்டும் ஒரு விஷயத்தில் மன்றோ காலத்துக் கண் மதிப்பை நம்பாதீர்கள்: ஸ்டஃபிங்கின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் காட்டிய பிறகு வெளியே எடுங்கள்.