சீன எழுத்தில் ஜேட் கல்லை அடையாளம் காண

சீன மொழி படிக்கிறீர்களா? ஓர் எழுத்தின் இடப்பக்கத்தில் 'அரசன்' எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அரசனைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அது 'யூ', அதாவது ஜேட் கல்; இடப்பக்கத்தில் வரும்போது புள்ளியை இழந்து 'அரசன்' போலவே தெரிகிறது. முத்து, வளையம், அரிய பொருள் போன்ற சொற்களில் அது வருவது சட்டென்று புரிந்துவிடும். நியாயம், ஒழுங்கு என்று பொருள்படும் 'லி'யில் ஏன் வருகிறது? ஜேட் கல்லைச் செதுக்கிப் பதப்படுத்துவதுதான் அதன் பழைய பொருள். எவ்வளவு அழகான வளர்ச்சி!

அப்புறம், மரபுத்தொடர்கள். 'பாவ் சுவான் யின் யூ' என்றால் செங்கல்லை எறிந்து ஜேட்டை வரவழைப்பது. கூட்டத்தில் முதலில் பேசுபவர் தன் கருத்தைச் செங்கல் என்று தாழ்த்திக்கொண்டு, மற்றவர்களின் நல்ல யோசனைகளை அழைக்கிறார். இதை உங்கள் பேச்சுக்கு மட்டுமே சொல்லுங்கள். அடுத்தவர் பேச்சுக்குச் சொன்னால் அதைச் செங்கல் என்று மட்டம் தட்டியதாகிவிடும். ஆசிரியரிடமோ மேலதிகாரியிடமோ ரொம்பவே கவனம் தேவை.

'வான் பி குய் ஜாவ்', அதாவது ஜேட் வட்டு முழுசாக ஜாவுக்குத் திரும்பியது என்ற தொடருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கி.மு. 283இல் பண்டைய சீனாவின் ஜாவ் நாட்டுத் தூதர் லின் சியாங்ரு, சின் நாட்டு அரசனிடம் கொண்டுபோன ஜேட் வட்டைச் சேதமில்லாமல் நாட்டுக்கே திருப்பி அனுப்பிய கதையிலிருந்து வந்தது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரும்போது தாராளமாகச் சொல்லலாம்.