பெங்களூரில் குப்பை கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளியை நீட்டுகிறோம். வண்டியில் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் வண்டியே வருவதில்லை. உலர் குப்பை எந்தக் கிழமை என்று கேட்டால் ஆளுக்கொரு நாள் சொல்கிறார்கள். அல்சூர், ராமமூர்த்தி நகர், எலக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரில் எந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழர்களிடம் பேசினாலும் இந்தப் புலம்பல் வந்துவிடும். புலம்பலில் நியாயம் இருக்கிறது. வண்டி நேரத்துக்கு வராதது குடியிருப்பவர் குற்றமில்லை. ஆனால் வாளி திரும்பி வருவதற்கான காரணம் பல நேரம் நம் சமையலறையில் இருக்கிறது. அதை நாமே சரிசெய்துவிடலாம். என்னைக் கேட்டால் எல்லாமே ஈரக் குப்பை போடும் பச்சை வாளியைப் பொறுத்ததுதான். அது ஒழுங்காக இருந்தால் மற்றச் சண்டைகளில் பாதி எழவே எழாது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரித்துப் பழகியவர்கள். இங்கே கணக்கு வேறு. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு பெங்களூரில் இரண்டு வாளி, ஒரு பை என்பதுதான் முறை. பச்சை வாளியில் ஈரக் குப்பை. சிவப்பு வாளியில் நாப்கின், டயப்பர், கட்டுத்துணி போன்றவை. பையில் உலர் குப்பை. முதல் இரண்டையும் தினமும் கொடுக்கலாம், பையை வாரத்தில் குறித்த நாட்களில்தான் எடுப்பார்கள். ஆகவே ‘இது மக்குமா?’ என்று யோசித்துப் போட்டால் தவறிவிடும். தேங்காய் ஓடும் தலைமுடியும் என்றைக்காவது மக்கத்தான் செய்யும், ஆனால் இந்த ஊர்ப் பட்டியலில் இரண்டும் உலர் குப்பை. மீந்த சோறு, கோழி எலும்பு, மீன் முள், முட்டை ஓடு, காபித்தூள், வாழை இலை, சாப்பாடு பட்ட டிஷ்யூ எல்லாம் ஈரக் குப்பை. வீடு பெருக்கிய தூசி சிவப்பு வாளிக்குப் போக வேண்டும்.

இவ்வளவு கறார் ஏன் என்று கேட்பவர்களுக்கு 2012 ஞாபகம் இருக்காது. அந்த ஆண்டு மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டு, நகரத்தின் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அடுத்து மண்டூர் என்ற ஊரிலிருந்த கிடங்கு. நாற்றத்தையும் நோயையும் கெட்டுப்போன தண்ணீரையும் தாங்க முடியாமல் அந்த ஊர் மக்கள் போராடி, 2014 இறுதியில் அங்கே கொட்டுவதை நிறுத்தவைத்தார்கள். இன்று இந்த நகரம் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 டன் குப்பையைத் தள்ளுகிறது. கலந்த குப்பையை எதற்கும் பயன்படுத்த முடியாது. அது மிட்டகானஹள்ளி போன்ற குப்பை கொட்டும் இடத்தில், யாரோ ஒருவருடைய ஊருக்குப் பக்கத்தில் போய்த்தான் விழும். நம் வீட்டில் கலந்ததற்கு அவர்கள் நாற்றம் சகிக்க வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

பச்சை வாளிக்குள் கவர்

தவறுகளிலேயே பெரியது இதுதான். காய்கறித் தோலையும் மீந்த குழம்பையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அப்படியே வாளிக்குள் வைப்பது. சுத்தமாக இருக்கிறோம் என்று நினைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். கட்டின கவருக்குள் காற்று போகாது. உள்ளே இருப்பது அழுகுமே தவிர உரமாகாது. உரக்கிடங்கில் அந்தக் கவரை யாராவது கையால் பிரித்துக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்து உரம் முழுக்கப் பிளாஸ்டிக் துணுக்குகளாகப் பரவும். அப்படிப்பட்ட உரத்தை எந்த விவசாயி நிலத்தில் போடுவார்? கருப்புக் கவரோ, ‘இது மக்கும்’ என்று கடையில் எழுதி விற்கிற கவரோ, எதுவும் வேண்டாம். வண்டியில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கவர் இல்லாவிட்டால் வாளி நாறுமே என்பது உண்மையான கவலை. அதற்கு வழி இருக்கிறது. வாளியின் அடியில் இரண்டு தாள் செய்தித்தாள் விரித்துவிடுங்கள். குழம்பு, ரசம், மோர் எதையும் நேராக வாளியில் ஊற்றாதீர்கள். வடிகட்டி, கெட்டியை மட்டும் போடுங்கள். வண்டியிலிருந்து தெரு முழுக்க ஒழுகிக்கொண்டே போகும் அந்தக் கருப்புத் தண்ணீர் பெரும்பாலும் இப்படி ஊற்றப்பட்டதுதான். வாளியைக் காலி செய்ததும் ஒரு முறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

பூஜைப் பூவும் இதில் சேர்த்தி. பூ ஈரக் குப்பை, ஆனால் மாலையில் சுற்றிய ஜிகினாவும் நைலான் நூலும் அல்ல. பிரித்துப் போடுங்கள். டீ பையிலுள்ள ஸ்டேப்ளர் பின்னும், கொத்தமல்லிக் கட்டிலிருக்கும் ரப்பர் பேண்டும் அப்படித்தான்.

பையில் போவது

உலர் குப்பையில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: அலசாமல் போடுவது. தயிர் டப்பாவையும் பால் பாக்கெட்டையும் ஓட்டலில் வாங்கிய பார்சல் டப்பாவையும் ஒரு கை தண்ணீரில் அலசி, காயவைத்துப் போட்டால் பை இரண்டு வாரமானாலும் நாறாது, கரப்பான் வராது. பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும், தனியாகத் தண்ணீர் செலவழிக்க வேண்டியதில்லை. பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். தனியாக விழும் அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது, அது சாக்கடைக்குத்தான் போகும்.

இந்தப் பை போய்ச் சேருவது வார்டில் இருக்கும் உலர் குப்பை மையத்துக்கு. அங்கே உட்கார்ந்து காகிதம், அட்டை, பிளாஸ்டிக் என்று வகைவகையாகப் பிரிப்பவர்களில் பலர் ஒரு காலத்தில் தெருத்தெருவாகக் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள். ஹசிரு தளா போன்ற அமைப்புகளின் முயற்சியால் அடையாள அட்டையும் நிலையான வேலையும் கிடைத்தவர்கள். சாம்பார் ஒட்டிய அட்டைப் பெட்டி அவர்களுக்கு ஒரு பைசா தராது. காய்ந்த அட்டை அவர்களுக்கு வருமானம்.

சிவப்பு வாளி

இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், அதனாலேயே பல வீடுகளில் நாப்கினைக் கவரில் சுற்றி ஈரக் குப்பைக்கு அடியில் ஒளித்துவைத்துக் கொடுக்கிறார்கள். யாரோ ஒரு பெண்ணின் வெறும் கைதான் அதைத் தொடப்போகிறது. கையுறை கொடுத்திருக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் பல நேரம் இருப்பதில்லை. நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய குறி போட்டு, தனியாகக் கொடுங்கள். டயப்பரில் இருப்பதை முதலில் கழிப்பறையில் கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஊசியைத் தடித்த டப்பாவில் போட்டு மூடி, என்ன இருக்கிறது என்று மேலே எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியும் பிளேடும் அப்படியே. இதில் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. குப்பை அள்ளுபவரின் கை கிழிந்தால், ஒரு வாரக் கூலியும் போகலாம், நோயும் வரலாம்.

குழல் விளக்கு, பேட்டரி, பழைய சார்ஜர் எல்லாம் இரண்டு வாளியிலும் சேராது, பையிலும் சேராது. சேர்த்துவைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

‘எப்படியும் அவர்கள் கலந்துவிடுகிறார்களே!’

தரம் பிரிப்பதைக் கைவிட்டவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் இது. நானும் பார்த்திருக்கிறேன், கோபமாகத்தான் இருக்கும். ஆனால் முடிவுக்கு வரும் முன் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆட்டோவின் தொட்டி ஈரக் குப்பைக்கு. பக்கவாட்டில் தொங்கும் சாக்குகளைப் பாருங்கள், உலர் குப்பை அதில் போகும். அட்டையையும் பாட்டிலையும் தொழிலாளர்களே எடுத்து ஓரம் வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வண்டியில் விழுவதுபோலத் தெரியும். உண்மையிலேயே கலந்தால், அப்போதும் நாம் கலந்து கொடுப்பது அதற்குப் பதில் ஆகாது. புகார்தான் பதில்.

வண்டியைத் தவறவிட்டவர்கள் செய்வது இன்னொன்று: இரவில் பைக்கில் போகும்போது தெருமுனையில் வீசிவிட்டுப் போவது. பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளும், இரவு வேலைக்குப் போகிறவர்களும் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பை விழுந்த இடத்தில் மறுநாள் பத்துப் பை விழும். நாய் கிழிக்கும், மாடு கவரோடு தின்னும். 2025 அக்டோபர் இறுதியில் அதிகாரிகள், வீசியவர்களைக் கண்டுபிடித்து அவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொட்டி அபராதமும் போட்டார்கள். அந்த முறை சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் வீசுவது தவறு என்பதில் தயக்கமில்லை. காலையில் எழ முடியாதவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாளியை ஒப்படைக்கலாம், அல்லது வீட்டுக்காரரிடம் பேசி எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாகக் கீழே வாளிகள் வைக்கச் சொல்லலாம். 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணம் கட்டடத்தின் அளவைப் பொறுத்து மாதம் 10 முதல் 400 ரூபாய் வரை சொத்து வரியோடு வசூலிக்கப்படுகிறது. ஆகவே இந்தப் பொறுப்பு வீட்டுக்காரருக்கும் உண்டு.

சருகைக் கூட்டி எரிப்பதையும் விட்டுவிடுங்கள். குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே சொல்லிவிட்டது. சருகு உரத்துக்கு அருமையான பொருள். மாடியிலோ பால்கனியிலோ இடமிருந்தால், அடியில் துளை போட்ட மண்பானையில் காய்கறித் தோல் ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு என்று போட்டுவந்தால் இரண்டு மாதத்தில் உரம். அதற்குப் பிறகு வண்டி வரவில்லை என்றாலும் பதற்றமில்லை.

ஆயுத பூஜை நேரத்துக்கு மட்டும் தனியாக ஒன்று. வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் அந்த இரண்டு நாளில் நகரம் முழுக்கக் குவியும், வழக்கமான ஆட்டோவால் சமாளிக்க முடியாது. பூசணியை நடுத்தெருவில் உடைத்தால் வண்டி ஓட்டுபவர் வழுக்கி விழுவார். ஓரமாக உடைத்து நீங்களே கூட்டி எடுங்கள். வாழைத்தண்டைச் சின்னத் துண்டுகளாக நறுக்கினால்தான் வாளியில் ஏற்பார்கள்.

புகார் கொடுப்பதிலும் தவறு நடக்கிறது. ‘எங்கள் தெருவில் குப்பை எடுப்பதே இல்லை’ என்று எழுதினால் அது எங்கும் போய்ச் சேராது. நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 1533க்கு அழைத்தால் வார்டு, தெரு, குறுக்குத் தெரு எண், எத்தனை நாளாக வரவில்லை, வண்டி எண் தெரிந்தால் அதுவும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் புகார் கொடுப்பது இன்னும் நல்லது. அப்புறம், கோபத்தை வண்டியில் வரும் தொழிலாளியிடம் காட்டாதீர்கள். வண்டியை எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது அவர் இல்லை.