உடைஞ்ச கண்ணாடி ஜெல்லி கேக்: ரெடிமேட் ஜெல்லி பாக்கெட் இல்லாம பண்றவங்க சொதப்புற இடங்கள்

கிறிஸ்துமஸ் கிட்ட வந்தாலே என் சமையல் கிளாஸுக்கு வர்ற பொண்ணுங்க எல்லாரும் கேக்குறது இதைத்தான். கலர் கலரா ஜெல்லி துண்டு, சுத்தி வெள்ளை க்ரீம், மொத்தமா ஒரு ரிங் மோல்டுல செட் பண்ணி கவுத்து வெட்டுறது. ஓவனே வேண்டாம். 1950கள்ல அமெரிக்காவுல ஜெல்-ஓங்கிற ஜெல்லி பாக்கெட் காரங்க கிரவுன் ஜூவல் டெசர்ட்னு பரப்பி விட்ட அயிட்டம், அப்புறம் அங்க அது பாட்டி காலத்து சமாச்சாரம் ஆயிடுச்சு. ஆனா பிலிப்பைன்ஸ்ல கதீட்ரல் விண்டோங்கிற பேர்லயும், மெக்சிகோ, பிரேசில் பக்கம் மொசைக் ஜெலட்டின்ங்கிற பேர்லயும் இன்னும் ஜோரா ஓடிட்டிருக்கு. இப்ப ரீல்ஸ் புண்ணியத்துல நம்ம ஊர்லயும் வந்தாச்சு.

ஜெலட்டினை முதல்ல பச்சைத்தண்ணில தூவி ஊற வைக்கணும், பச்சை அன்னாசி போட்டா செட் ஆகாது, இதெல்லாம் எல்லா வீடியோவுலயும் சொல்லிட்டாங்க, விட்டுடறேன். நான் சொல்லப்போறது வீடியோவுல கட் பண்ணிடுற இடங்கள். ஆரம்பத்துல நானும் இதையெல்லாம் பண்ணவ தான், அதனால யாரையும் கிண்டல் பண்ணல.

இஞ்சி

அன்னாசி, பப்பாளி, கிவி மூணும் ஆகாதுன்னு மனப்பாடமா சொல்றவங்க எலுமிச்சை ஜெல்லில வாசனைக்குன்னு இஞ்சியைத் தட்டி சாறு புழிஞ்சி விடுவாங்க. இஞ்சிலயும் புரதத்தை உடைக்கிற என்சைம் இருக்கு, ஜெலட்டின் புரதம், அவ்வளவுதான் கதை. இஞ்சிச் சாறு வேணும்னா தண்ணியோட நல்லா கொதிக்க விட்டு வடிகட்டி சேருங்க. அன்னாசி ஜூஸும் அப்படித்தான், கொதிக்க வெச்சிட்டா பிரச்சனை இல்ல. டின்ல வர்ற அன்னாசி ஏற்கனவே சூடு பண்ணினது, நேராவே போடலாம்.

"ரூம் டெம்பரேச்சர்ல ஆற விடவும்"

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற வரி இதுதான். ரெசிபில இப்படி இருக்கும்: வெள்ளைப் பகுதிக்கு ஜெலட்டின் கரைச்ச ஜூஸை ரூம் டெம்பரேச்சர்ல வெச்சு லேசா கெட்டியானதும் அடிச்ச க்ரீமைக் கலந்து, ஜெல்லி துண்டைப் போட்டு மோல்டுல ஊத்தவும். எழுதினவங்க வீட்டு கிச்சன் 20 டிகிரில இருக்கும், குளிர்காலத்துல ஹீட்டர் போட்டே அவ்வளவுதான். சென்னைல டிசம்பர்லயே பகல்ல 28, மே மாசம் கேஸ் அடுப்பு பக்கத்துல நின்னீங்கன்னா 35 தாண்டிரும். ஜெலட்டின் ஜெல்லி 30 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிச்சு 35 கிட்ட முழுசா தண்ணியாயிடும், வாய்ல போட்டதும் கரையுறதே அதனாலதான். கெட்டியாகத் தொடங்கணும்னா சுமாரா 20 டிகிரிக்காவது இறங்கணும். அப்ப நம்ம கிச்சன் மேடைல நீங்க சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாத்தாலும் அது கெட்டியாகப் போறதில்ல.

ஆனா கையை வெச்சுப் பாத்தா சூடு தெரியாது, ஏன்னா 32 டிகிரி நம்ம கைக்கு சூடே இல்ல. "ஆறிடுச்சு"ன்னு எடுத்து ஊத்திடுறாங்க. போன வருஷம் கிளாஸ்ல கத்துக்கிட்டுப் போன ஒரு பொண்ணு, மகளோட பர்த்டேக்குன்னு முந்தின நாளே பன்னீர் திராட்சையைக் காய்ச்சி வடிகட்டி ஒரு தட்டு, ஆரஞ்சு புழிஞ்சி ஒரு தட்டு, எலுமிச்சை புதினா ஒரு தட்டுன்னு அழகா செட் பண்ணி, ஒண்ணரை சென்டிமீட்டர் துண்டா ஸ்கேல் வெச்ச மாதிரி வெட்டி, போட்டோவெல்லாம் அனுப்பினா. மறுநாள் காலைல போன். "அக்கா, ஜெலட்டின் டூப்ளிகேட் போலருக்கு." வீடியோ கால்ல பாத்தேன், மோல்டுக்குள்ள துண்டே இல்ல, மொத்தமும் பெயிண்ட் பிரஷ் கழுவின தண்ணி கலர்ல ஒரே கலவையா நிக்குது, அடில ஜூஸ் தனியா, மேல க்ரீம் தனியா. க்ரீம் ஏன் மேல வந்துச்சுன்னா, இளஞ்சூட்டுல அடிச்ச க்ரீம்ல இருக்கிற கொழுப்பு இளகி, பிடிச்சு வெச்ச காத்தை விட்டுடும், அப்புறம் லேசான கொழுப்பு மிதந்துதான் ஆகணும். ஜெலட்டின் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாமே நல்லாத்தான் செட் ஆகியிருக்கு, உருகி ஒண்ணா கலந்த பிறகு செட் ஆகியிருக்கு. அரை லிட்டர் விப்பிங் க்ரீம், ரெண்டு நாள் வேலை, திராட்சைக் காசு எல்லாம் போச்சு. இதே போன் எனக்கு ஒவ்வொரு டிசம்பரும் வேற வேற குரல்ல வருது.

இதுக்கு பயந்துக்கிட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிட்டு மறந்துடுற கோஷ்டி இன்னொண்ணு. ஃப்ரிட்ஜுல பாத்திரத்தோட ஓரமும் அடியும் முதல்ல இறுகும், நடு இன்னும் தண்ணியாத்தான் இருக்கும். எடுத்து விஸ்க் போட்டு அடிச்சா ஓரத்துல இறுகினது கட்டி கட்டியா உடைஞ்சு க்ரீமுக்குள்ள திப்பி திப்பியா நிக்கும், சாப்பிடும்போது பல்லுல தட்டும்.

பண்ண வேண்டியது இது. அகலமான குண்டால பாதி ஐஸ் பாதி தண்ணி, அதுக்குள்ள ஸ்டீல் கிண்ணத்துல ஜெலட்டின் ஜூஸ். பிளாஸ்டிக், கண்ணாடி வேண்டாம், குளிர் உள்ள போக நேரம் எடுக்கும். ஐஸ்ல உப்பு போடாதீங்க, ஓரம் உறைஞ்சிரும். ரப்பர் ஸ்பேட்டுலாவால அடியையும் ஓரத்தையும் வழிச்சு வழிச்சு மெதுவா கிளறிக்கிட்டே இருங்க, போனை எடுக்காதீங்க. முதல்ல சில நிமிஷம் ஒண்ணுமே நடக்காது. அப்புறம் கிளறும்போது வர்ற குமிழி மேல வந்து உடையாம நடுவுலயே தொங்க ஆரம்பிக்கும். அதுதான் முதல் அடையாளம், அங்கருந்து ரொம்ப வேகமா மாறும். ஸ்பேட்டுலா போன தடம் ஒரு நொடி நின்னு மூடிக்கிச்சுன்னா, பச்சை முட்டை வெள்ளைக்கரு பதத்துல கொழகொழன்னு விழுந்துச்சுன்னா, உடனே ஐஸ்லருந்து வெளிய எடுத்துடணும். தடம் மூடாம அப்படியே நின்னுட்டா லேட்டு. லேட்டானா தூக்கிப் போட வேண்டாம், கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணில சில நொடி காட்டி கிளறினா இளகிடும், மறுபடி ஐஸ்ல வெச்சு பதம் பாக்கலாம். ஜெலட்டினோட பெரிய வசதியே இதுதான், எத்தனை தடவை இளக்கினாலும் திரும்ப இறுகும், கொதிக்க மட்டும் விடக்கூடாது.

க்ரீமை முன்னாடியே அடிச்சு ஃப்ரிட்ஜுல ரெடியா வெச்சிருக்கணும். பதம் வந்த பிறகு க்ரீம் பாக்கெட்டைத் தேடிப் போனீங்கன்னா திரும்பி வர்றதுக்குள்ள கிண்ணத்துல கொழுக்கட்டை தான் இருக்கும். கால்வாசி க்ரீமை முதல்ல போட்டு நல்லா கலந்துட்டு, மீதியை மடிச்சு மடிச்சு கலக்கணும். ஜெல்லி துண்டு ஃப்ரிட்ஜுலருந்து நேரா இதுக்குள்ள வரணும், மேடைல வெயிட் பண்ணக் கூடாது.

செட் ஆகலன்னா அடுத்த தடவை டபுள் ஜெலட்டின்

மேல சொன்னதை ஜெலட்டின் பத்தலன்னு புரிஞ்சிக்கிட்டு அளவை ஏத்துவாங்க. அடுத்த தடவை மோல்டு கம்பீரமா நிக்கும், ஸ்பூன் இறங்காது.

பாக்கெட்ல பண்றவங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. 1897ல நியூயார்க் மாநிலத்துல லெராய்ங்கிற ஊர்ல பெர்ல் வெய்ட்னு ஒருத்தர் ஜெலட்டின் பொடியோட சர்க்கரையும் பழ வாசனையும் கலந்து ஜெல்-ஓ ஆக்கினதுலருந்து அவங்க அளவே பாக்க வேண்டியதில்ல. அவருக்கே விக்கத் தெரியாம 2 வருஷத்துல 450 டாலருக்கு உரிமையைக் குடுத்துட்டார் பாவம். நாம சொந்தமா பண்றோம், நாமதான் எடை போடணும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கிராம் தராசு வாங்குங்க.

அமெரிக்க ரெசிபில ஒரு என்வலப் (சின்ன பொட்டலம்) ஜெலட்டின்னு இருந்தா சுமாரா 7 கிராம், அது 2 கப் திரவத்துக்கு, ஆனா அது கிண்ணத்துலயே வெச்சு சாப்பிடற பதம். கவுத்து நிக்கணும்னா பத்தாது. நான் எடுக்கிறது: ஜெல்லி துண்டுக்கு ஒவ்வொரு கலருக்கும் 250 மில்லி ஜூஸுக்கு 8 கிராம். வெள்ளைப் பகுதிக்கு கொதிக்க வெச்ச அன்னாசி ஜூஸ் 250 மில்லி, 12 கிராம் ஜெலட்டின், 400 மில்லி விப்பிங் க்ரீம். ஜெலட்டினோட பலத்தை ப்ளூம்னு ஒரு நம்பர்ல சொல்லுவாங்க, வீட்டு உபயோகத்துக்கு 200 சுத்தி இருந்தா நல்லது. இங்க கிடைக்கிற குட்டி டப்பா பலதுல அந்த நம்பரே போடுறதில்ல. அதனால புது பிராண்டு வாங்கினா விசேஷத்துக்கு முன்னாடியே ஒரு டம்ளர்ல 100 மில்லி தண்ணிக்கு 3 கிராம் போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜுல வெச்சுப் பாருங்க. எலுமிச்சை மாதிரி புளிப்பு ஜாஸ்தியா இருந்தா இறுக்கம் கொஞ்சம் குறையும், அதுக்கு மட்டும் ஒரு கிராம் கூட போடலாம்.

சைனா கிராஸை (கடல்பாசி) அதே அளவுல மாத்துறது

நோன்பு சமயத்துல பால் கடல்பாசி பண்ணிப் பழகின கைக்கு இது ரொம்ப இயல்பா வரும், "ரெண்டும் ஜெல்லிதானே". இல்ல. சைனா கிராஸ் 35, 40 டிகிரி கிட்டயே இறுகிடும், கரையணும்னா 85 தாண்டணும். அதாவது ஜில்லுனு இருக்கிற க்ரீம் அது மேல பட்ட உடனே பொடிப்பொடியா உறைஞ்சிரும், மடிச்சு கலக்குற வேலையே நடக்காது. பவுடரா இருந்தா ஜெலட்டின்ல மூணுல ஒரு பங்கே தாராளம், அதே எடை போட்டா கத்தியால செதுக்கணும். சைவமா வேணும்னா க்ரீமை மறந்துடுங்க, பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் சூடா வெச்சு கடல்பாசியைக் கரைச்சு, துண்டும் கடல்பாசியிலயே பண்ணி, கொஞ்சம் ஆறவிட்டு ஊத்துங்க. கடல்பாசி துண்டு அந்த சூட்டுக்கு உருகாது. நம்ம ஊர் வெயிலுக்கும் அது தாங்கும். உண்மையைச் சொல்லணும்னா முதல் தடவை பண்றவங்களுக்கு நான் இதையே சொல்லுவேன், வாய்ல கரையுற அந்த சுகம் மட்டும் இருக்காது.

ஃப்ரெஷ் க்ரீம்

25 சதவீதக் கொழுப்பு இருக்கிற அந்த டெட்ரா பேக் எவ்வளவு அடிச்சாலும் நிக்காது. விப்பிங் க்ரீம் வாங்குங்க.

ஈரத் துண்டு

வெட்டின ஜெல்லி துண்டு மேல தண்ணி கசிஞ்சு நிக்கும். அப்படியே போட்டா க்ரீம் ஒட்டாது, ஸ்லைஸ் போடும்போது துண்டு துண்டா வெளிய குதிக்கும். வடிதட்டுல போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு வடிய விடுங்க.

மோல்டுக்கு தேங்காய் எண்ணெய்

வாசனைக்கு ஆசைப்பட்டு தடவுறாங்க. ஃப்ரிட்ஜுல அது உறைஞ்சு, கவுத்தா மேல வெள்ளை வெள்ளையா பொரிஞ்சிருக்கும். வாசனை இல்லாத ரீஃபைண்ட் எண்ணெய் ஒரு சொட்டு, டிஷ்யூவால துடைச்சு எடுத்துட்டா போதும். மோல்டு மெல்லிசான அலுமினியமா இருந்தா நல்லது. கவுக்கும்போது கை பொறுக்குற சூட்டுத் தண்ணில விளிம்பு வரைக்கும் 5லருந்து 10 நொடி, அதுக்கு மேல வேண்டாம், அப்புறம் ஓரத்தை விரலால லேசா உள்பக்கம் இழுத்து காத்து போக விடுங்க. தட்டைத் தண்ணில நனைச்சுக்கோங்க, கோணலா விழுந்தாலும் நடுவுக்கு நகத்திக்கலாம். காஞ்ச தட்டுல விழுந்தா விழுந்த இடம் தான்.

ஃப்ரீசர்

கூடாது. உறைஞ்சா ஐஸ் உள்ள இருக்கிற வலையைக் கிழிச்சிடும், வெளிய எடுத்ததும் தண்ணி விடும். ஃப்ரிட்ஜுல ஒரு ராத்திரி, வேற குறுக்கு வழி இல்ல.

யாருக்குக் குடுக்குறோம்னு சொல்லாம விடுறது

ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோல், பன்னித் தோல், சிலது மீன். முட்டை போடல, அதனால சைவம்னு பந்தில எடுத்து வெச்சவங்களை எனக்குத் தெரியும். டப்பால என்னன்னு பாருங்க, ஹலால் முத்திரை இருக்கான்னு பாருங்க, சாப்பிடறவங்ககிட்ட வாய் திறந்து சொல்லுங்க.

மொட்டை மாடி பார்ட்டி

கால் மணி நேரம் தாங்கும். வெட்டுற கத்தியை சுடுதண்ணில முக்கி துடைச்சு ஒவ்வொரு ஸ்லைஸா கீழ கிச்சன்லயே வெட்டி, தட்டுல வெச்சு, நேரா கைல குடுத்துடுங்க. முழுசா மேல தூக்கிட்டுப் போய் மேஜை நடுவுல வெச்சு, கேக் கட்டிங்குக்கு மாமா வரட்டும்னு காத்திருக்காதீங்க, மாமா என்னைக்கு சொன்ன டயத்துக்கு வந்திருக்கார்.