பழைய 8 மி.மீ. புரொஜெக்டரைச் சீராக்கி ஓடவைப்பது எப்படி?

பரணிலிருந்து ஒரு புரொஜெக்டர் இறங்கியதும் எல்லாருக்கும் கை பரபரக்கும். பிளக்கைச் சொருகி, கூடவே கிடைத்த ரீலை மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். மிஷினில் ஒரு பாகம் உடைந்தால் வேறு மிஷினிலிருந்து கழற்றிப் போடலாம், லேத்தில் கடைந்தும் வாங்கலாம். ஃபிலிமுக்கு அந்த வழி இல்லை. வீட்டுப் படங்கள் பெரும்பாலும் ரிவர்சல் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவப்பட்டு ரீலில் சுற்றியிருக்கிறது, தனியாக நெகடிவ் கிடையாது. அதனால் வேலையின் வரிசை இதுதான்: முதலில் மெக்கானிசம், அடுத்து மின்சாரம், அடுத்து வீணாய்ப்போன ஒரு ஃபிலிம் துண்டு. குடும்பப் படம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இங்கே சொல்வது 1960-70களின் ஒலியில்லாத 8 மி.மீ. புரொஜெக்டர்களுக்கு, குறிப்பாக 12 வோல்ட் 100 வாட் விளக்கு போடும் மாடல்களுக்குப் பொருந்தும். ஒலியுள்ள மாடல்களிலும் மெக்கானிசம் வேலை இதேதான்; ஆம்ப்ளிஃபயர் மட்டும் தனிக் கதை.

படி 1: எந்த 8 என்று பாருங்கள்

கோடக் 1932-ல் கொண்டுவந்ததை இன்று ரெகுலர் 8 என்கிறோம். 1965-ல் வந்தது சூப்பர் 8. இரண்டின் அகலமும் 8 மி.மீ.தான், ஆனால் துளைகள் வேறு. ரெகுலர் 8-ல் துளை பெரிது, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையிலுள்ள கோட்டை ஒட்டி இருக்கும். சூப்பர் 8-ல் துளை சிறிது, ஃபிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ரீலின் நடுத்துளையைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: சூப்பர் 8-க்கு 12.7 மி.மீ., ரெகுலர் 8-க்கு ஏறக்குறைய 8 மி.மீ.

ஒன்றுக்கான மிஷினில் மற்றதை ஓட்டினால், ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமாக இழுக்கும் கொக்கியான கிளா துளையைத் தேடி ஃபிலிமையே குத்திக் கிழிக்கும். இரண்டையும் ஓட்டும் மாடல் என்றால் மாற்றும் லீவர் முழுதாக நகர்ந்து உட்காருகிறதா என்று பாருங்கள். பாதியில் நிற்பது அடிக்கடி நடக்கிற கோளாறு.

படி 2: திறந்து, கையால் சுற்றி, சுத்தம் செய்தல்

வேண்டியவை: சரியான அளவு ஸ்க்ரூ டிரைவர்கள், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., காது குடையும் பஞ்சுக்குச்சி, மூங்கில் பல்குச்சி, மென்மையான பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், வெள்ளை லித்தியம் கிரீஸ், மல்டிமீட்டர்.

பின்மூடியைக் கழற்றுமுன்னும், கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் கையால் சுற்றும் குமிழைத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தால் கிரீஸ் மெழுகுபோல் இறுகிவிடும். அந்த இடங்களில் ஆல்கஹால் சொட்டுவிட்டு கால் மணி நேரம் காத்திருங்கள், துடையுங்கள், மறுபடி திருப்புங்கள். பிளாஸ்டிக் கியர்கள் வயதாக ஆகச் சுருங்கும், உள்ளேயுள்ள இரும்புத் தண்டு சுருங்காது. அதனால் பிளாஸ்டிக் வெடிக்கும். பெல் அண்ட் ஹோவெலின் 16 மி.மீ. மாடல்களின் வார்ம் கியர் இப்படி வெடிப்பதில் பெயர்போனது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் முடிபோன்ற வெடிப்புள்ள கியர் பல் உதிர்ந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுக் கியர் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கேட். ஃபிலிம் ஃபிரேம் ஃபிரேமாக நின்று நகரும் அந்த இடுக்கில், படம் பதிந்திருக்கும் மேற்பூச்சான எமல்ஷனின் தூள் சேர்ந்து பழுப்பு நிறக் கட்டியாக இறுகியிருக்கும். மணலளவு கட்டி ஒன்று போதும், ரீல் முழுக்க நேர்கோடாகக் கீறல் விழ. ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் தள்ளி எடுங்கள். பிளேடு, ஊசி, எமரி தாள் எதுவும் கேட் பக்கம் வரக்கூடாது, அவை போடும் கோடு ஃபிலிமில் நிரந்தரமாகப் பதியும். அழுத்தத் தகட்டை விரலால் தள்ளினால் ஸ்பிரிங்கோடு உள்ளே போய்த் திரும்ப வேண்டும். ஃபிலிமின் துளைகளில் மாட்டி நகர்த்தும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பற்களையும் உருளைகளையும் துடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களில் அசிட்டோன் படக்கூடாது, உருகிவிடும்.

படி 3: எண்ணெய்

தண்டுகள் சுழலும் வெண்கல வளையங்களான புஷ்களுக்கு ஒரு சொட்டு. எண்ணெய் தாங்கும் ஃபெல்ட் துண்டுகளுக்கு மூன்று, நான்கு சொட்டு. கிளாவை இயக்கும் கேமுக்கும் கியர்களுக்கும் குச்சி நுனியில் எடுத்த கிரீஸ். அவ்வளவுதான். பெல்ட், ரப்பர் சக்கரம், ஓடிமுடிந்த ஃபிலிமைச் சுற்றும் ரீலை இழுக்கும் டேக்-அப் கிளட்சின் ஃபெல்ட் ஆகியவற்றில் எண்ணெய் பட்டால் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். டபிள்யூ.டி.-40 இறுகியதைத் தளர்த்த உதவும், ஆனால் ஆவியாகிவிடுவதால் அதை நம்பி மிஷினை ஓட்ட முடியாது. எண்ணெய் போட்டபின் இருபது சுற்று கையால் சுற்றி, இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் கேட்டை நோக்கிக் கசிந்திருந்தால் துடையுங்கள்.

படி 4: பெல்ட்

பழைய ரப்பர் பெல்ட் ஒன்று கல்லாகியிருக்கும், இல்லையென்றால் தாராக உருகி புல்லியில் ஒட்டியிருக்கும். தாரை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தெடுங்கள். புல்லிகளைச் சுற்றி நூலை ஓட்டி நீளத்தை அளந்து, அதிலிருந்து 5 முதல் 8 சதவீதம் கழித்து, பாலியூரித்தேன் வட்ட பெல்ட்டை வெட்டுங்கள். புல்லிப் பள்ளத்தைப் பொறுத்து 3 அல்லது 4 மி.மீ. தடிமன் பொருந்தும். சூடான கத்தியின் இருபக்கமும் இரு முனைகளையும் வைத்து, உருகத் தொடங்கியதும் கத்தியை உருவி நேராகச் சேர்த்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஆறியபின் பிதுங்கிய இடத்தைச் சீவாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று அடிக்கும். பெல்ட் அதிகம் இறுகினால் மோட்டார் சூடேறும், புஷ் தேயும்.

பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம் மோட்டார் தண்டில் உரசி ஓடும் மாடல்களில், நின்ற இடத்தில் ரப்பர் தட்டையாகியிருக்கும். 400 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தால் பல நேரம் சரியாகும்.

படி 5: மின்சாரம்

வோல்டேஜ் தேர்வுச் சுவிட்ச் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 110-120 வோல்ட் மட்டுமே இருக்கும். 100 வாட் விளக்குள்ள மாடலுக்கு 300 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். வோல்ட்டைச் சரிசெய்தாலும் மின்சாரத்தின் சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மாறாது. ஏ.சி. இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும்: வினாடிக்கு 18 ஃபிரேம் 15 ஆகிவிடும். மோட்டார் புல்லியின் விட்டத்தை 20 சதவீதம் பெரிதாகக் கடைந்து போட்டால் சரியாகும். ஃபேன் ரெகுலேட்டரால் வேகத்தைச் சரிசெய்ய முயலாதீர்கள், இப்படிப்பட்ட மோட்டார் சூடேறி எரியும்.

வெடித்த வயரை எறிந்துவிட்டு 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் வயர் போடுங்கள். பச்சை வயரை, பெயிண்ட் சுரண்டிய இடத்தில் உலோக உடலோடு இணையுங்கள். விளக்கறையில் சாம்பல் நிற நார்த்தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; சுரண்டவோ ஊதவோ கூடாது. மெயின்ஸ் வயர்களுக்குக் குறுக்கே உள்ள பழைய காகிதக் கெப்பாசிட்டர் என்றாவது புகைந்து வெடிக்கும், அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. வாங்கி மாற்றுங்கள். சில மாடல்களில் மோட்டார் சுருளே, மெயின்ஸிலிருந்து பிரியாத ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மராக விளக்குக்கு 12 வோல்ட் தரும். அங்கே "12 வோல்ட்தானே" என்று தொட்டால் மெயின்ஸ் ஷாக் அடிக்கும்.

புரொஜெக்டர் விளக்கைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும், மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே போகும் சீரிஸ் போர்டு மூலம் முதல் முறை ஆன் செய்யுங்கள். அதில் 100 வாட் குண்டு பல்புதான் இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு உதவாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக எரிந்து மோட்டார் முனகினால் நல்லது, நேரடியாகக் கொடுத்து பத்து நிமிடம் ஓடவிடலாம். ஃபேன் விளக்கறைக்குள் காற்று தள்ளுகிறதா என்று உறுதி செய்யாமல் விளக்கு போடாதீர்கள்.

விளக்கைப் பொறுத்தவரை, பல மாடல்களில் இருப்பது இ.எஃப்.பி. என்ற 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜன். கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது. சாக்கெட் கறுத்திருந்தால் பீங்கான் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். படம் மங்கல் என்று புது விளக்கு வாங்குமுன், விளக்கின் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். ஆவியான பழைய எண்ணெய்ப் படலம்தான் பெரும்பாலும் காரணம்.

படி 6: சோதனை ஃபிலிம்

வேண்டாத ஃபிலிம் மூன்று மீட்டர் எடுத்து, கேட்டுக்கு மேலும் கீழும் தளர்வான வளைவு (லூப்) விட்டு மாட்டி, முதலில் குமிழால் சுற்றுங்கள். பிறகு மோட்டார்.

படம் துள்ளி, கடகட சத்தம் வந்தால் கீழ் லூப் போய்விட்டது. வெளிச்சமான இடங்களிலிருந்து மேலோ கீழோ வால்போல் ஒளி இழுத்தால், ஃபிலிம் நகரும்போது ஒளியை மறைக்கும் ஷட்டரின் நேரம் தவறியிருக்கிறது, கழற்றி மாட்டும்போது ஒரு பல் மாறியிருக்கும். படம் இடைவிடாது லேசாக ஆடினால் அழுத்தத் தகட்டையும் கிளா நுனியையும் பாருங்கள். கீழ் ரீல் சுற்றாமல் ஃபிலிம் தரையில் குவிந்தால் டேக்-அப் கிளட்ச் தளர்ந்திருக்கிறது. அந்த ரீலை விரலால் பிடித்தால் நின்று, விட்டால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிடிக்க முடியாத அளவு இழுத்தால் துளைகள் கிழியும். ஓட்டி முடித்ததும் துளை ஓரங்களை லென்ஸில் பாருங்கள். புதிதாக ஒரு நசுங்கலும் இல்லாதபோதுதான் குடும்பப் படத்தைத் தொடலாம்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. நூறு ஃபிரேம் நீளத்தை அளந்து பாருங்கள். ரெகுலர் 8 என்றால் 381 மி.மீ., சூப்பர் 8 என்றால் 423 மி.மீ. இருக்க வேண்டும். 4 மி.மீ. குறைந்திருந்தால் சுருக்கம் ஒரு சதவீதம். அந்த ரீலைப் புரொஜெக்டரில் போடாமல், ஸ்ப்ராக்கெட் இல்லாத ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நல்ல ரீலாக இருந்தாலும் பழைய ஒட்டுகளை ஸ்ப்ளைசிங் டேப்பால் புதுப்பித்து, முன்னால் ஒரு மீட்டர் வெற்று ஃபிலிம் (லீடர்) சேருங்கள்.

படி 7: எல்.இ.டி.யும் வீடியோ பதிவும்

ஹாலோஜனில் ஃபிலிம் சிக்கி நின்றால் சில நொடிகளில் கருகும். எல்.இ.டி.க்கு மாறுவதன் பெரிய லாபம் அந்த ஆபத்து மிகவும் குறைவது. மின்சாரச் சிக்கனம் அப்புறம்தான். சூப்பர் 8 ஃபிரேம் 5.8-க்கு 4 மி.மீ.தான் என்பதால் பெரிய எல்.இ.டி.யின் வெளிச்சம் வீணாகும். ஒளிவிடும் வட்டம் 6 முதல் 9 மி.மீ.க்குள், 10 முதல் 20 வாட், 4000 கெல்வின், நிறங்களை இயல்பாகக் காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று வாங்குங்கள். தெர்மல் பேஸ்ட் தடவி அலுமினிய ஹீட் சிங்கில் பதித்து, முன்னால் அஸ்ஃபெரிக் கண்டென்சர் லென்ஸ் வைத்து, ஃபிலிம் இல்லாமல் திரையில் ஓரம்வரை சீரான வெளிச்சம் விழும் தூரத்தில் பூட்டுங்கள். பழைய விளக்குச் சுருளிலிருந்து மின்சாரம் எடுக்காமல் தனி அடாப்டர் போடுங்கள். டிரைவர் நிலையான கரண்ட் தருவதாக இருக்க வேண்டும். அணைத்து அணைத்து எரியும் பி.டபிள்யூ.எம். வகை என்றால் ஷட்டரோடு மோதித் திரையில் அலை அடிக்கும்.

திரையை வீடியோ எடுக்க விரும்பினால் ஷட்டர் இதழ்களை எண்ணுங்கள். மூன்று இதழ் என்றால் வினாடிக்கு 16⅔ ஃபிரேம் வேகத்தில் திரையில் சரியாக 50 முறை ஒளி விழும். கேமராவை 25 ஃபிரேம், 1/50 வினாடி, எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும் மாறாமல் பூட்டிவைத்தால் படம் மினுக்காது. அந்த வேகம் வர வேகக் கட்டுப்பாட்டுக் குமிழ் உள்ள மாடல் வேண்டும். வந்ததா என்று பார்க்க ஸ்டாப்வாட்ச் போதும்: 50 அடி சூப்பர் 8 ரீலின் 3,600 ஃபிரேம்கள் 3 நிமிடம் 36 வினாடியிலும், ரெகுலர் 8-ன் 4,000 ஃபிரேம்கள் 4 நிமிடத்திலும் முடிய வேண்டும். எடிட் செய்யும்போது 18 ஃபிரேமில் எடுத்த படத்தை 108 சதவீத வேகத்துக்கும், 16-ல் எடுத்ததை 96 சதவீதத்துக்கும் மாற்றினால் நடப்பவர்கள் இயல்பான வேகத்தில் நடப்பார்கள்.