தோட்டத்தின் பருவங்களோடு வேதாகமத்தை வாசிப்பது எப்படி?

வீட்டுத் தோட்டத்தில் நின்று வாழ்வின் பருவங்களைத் தியானிக்க விரும்புகிறவர்கள், பனியில் உறங்கி வசந்தத்தில் விழிக்கும் மேல்நாட்டுத் தோட்டத்தை முதலில் மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். தமிழ்நாட்டுச் செடிகளுக்கு அந்த நீண்ட உறக்கம் கிடையாது. ஆகவே நம் தோட்டத்தின் பருவங்களையும் திருச்சபையின் காலங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

குண்டுமல்லி இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். அதைக் கவாத்து செய்ய ஏற்றது நவம்பர் கடைசி வாரம். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வருவதால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. முன்கூட்டியே தண்ணீர் விடுவதை நிறுத்தி, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கிளைகளை வெட்டி, காய்ந்த குச்சிகளை நீக்கி, தூரைச் சுற்றிக் கொத்தித் தொழுவுரம் இடுங்கள். யோவான் 15-ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களை வேலை முடிந்த பிறகே வாசிப்பது நல்லது. முன்பே வாசித்தால், செடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வசனத்துக்கு உதாரணம் தேடத் தொடங்கிவிடுவோம். கனி கொடாத கொடி அறுத்துப்போடப்படுவதாகச் சொல்லும் அதே இரண்டாம் வசனத்தில், கனி கொடுக்கிற கொடியும் கத்திக்குத் தப்புவதில்லை.

அன்று ஒரு நோட்டில், உங்கள் வாழ்வில் அண்மையில் குறைக்கப்பட்டது எது, அது அதுவரை என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்று மட்டும் எழுதுங்கள். ஏன் என்ற கேள்விக்கு அவசரப்பட்டு விடை எழுத வேண்டாம். மல்லி மீண்டும் பூக்கத் தொடங்குவது மார்ச் வாக்கில், தவக்காலமோ உயிர்த்தெழுதல் திருநாளோ வரும் நாட்களில். அப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: பிள்ளையை இழந்த வீட்டில் போய், கர்த்தர் உங்களைக் கவாத்து செய்கிறார் என்று சொல்லாதீர்கள். தோட்டம் கற்பிப்பதை நமக்கென்று வைத்துக்கொள்வதே முறை.

காய்க்காத எலுமிச்சை வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. விதையிலிருந்து வளர்ந்த கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதை மறந்து, வெட்டிவிடலாமா என்று நினைக்கிறோம். லூக்கா 13:6-9-இல் வரும் தோட்டக்காரன், மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு கேட்கிறான். ஆனால் சும்மா காத்திருப்பதாகச் சொல்லவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுவதாகச் சொல்கிறான். வட்டப்பாத்தி எடுத்து மரத்துக்கு எரு வைக்கும் நாளில், நாம் நம்பிக்கை இழந்துவிட்ட ஒருவரை நினைத்து, அவருக்காக இந்த ஆண்டு செய்யக்கூடிய ஒரு காரியத்தை முடிவு செய்து ஜெபியுங்கள்.

மாசியில் வேப்பமரம் இலை உதிர்ப்பதைக் கூட்டித் தள்ளும்போது அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சில நாட்களில் அது தானாகவே தளிர்த்துவிடும்.

பலரும் தவிர்க்கும் பாடம், பிடுங்குவது. ஓய்ந்துபோன கத்தரிச் செடியை, இன்னும் ஒன்றிரண்டு காய் வருமே என்று விட்டு வைத்தால் பூச்சிகள் தங்கி அடுத்த நாற்றுக்கும் பரவும். பிரசங்கி 3:2 நடுவதற்கு ஒரு காலத்தைச் சொன்ன உடனேயே, நட்டதைப் பிடுங்கவும் ஒரு காலத்தைச் சொல்கிறது. (நம் சபைகளில் பல ஆண்டுகளாக ஒருவரே வகிக்கும் செயலர் பதவிகள் நினைவுக்கு வந்தால் அது தற்செயலல்ல.) செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திய பின், நாம் கைவிட வேண்டிய பொறுப்பு எது, அதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதைப் பெயரோடு எழுதி, அந்த வாரத்திலேயே அவரிடம் பேசிவிடுங்கள்.