லீவர் துப்பாக்கி நினைவுப் பதிப்புகள்: சேர்க்கத் தொடங்குகிறவருக்கு

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி ஒரு ஆண்டையோ ஆளையோ நினைவுகூரச் செய்த நினைவுப் பதிப்புத் துப்பாக்கிகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், "சுடாமல் வைத்துக் கும்பிடவா அண்ணே?" என்று கேட்பார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு தோட்டா போட்டுச் சுட்டாலே விலை இறங்கிவிடும். சுடும் ஆசை உள்ளவர்கள் இந்தப் பதிப்புகளுக்கு அடிப்படையான சாதாரண மாடல் 94 (அடியிலுள்ள லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வாங்கிக்கொள்வது நல்லது.

முதலில் காகித வேலை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். பயிற்சி முடித்து, போலீஸ் நிலையத்தில் தகுதிச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். சேகரிப்பாளராக வாங்க நினைத்தால் ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, அந்தத் துப்பாக்கிக்குச் சங்கத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும். பணத்தைக் கட்டிய பிறகும் லைசென்ஸ் வரும்வரை பொருள் கடைக்காரரிடம்தான் கிடக்கும். மாதக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன்: மலிவாக நாலு வாங்குவதைவிட முழுசாக ஒன்று வாங்குங்கள். காத்திருப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதை வாங்குவது? வின்செஸ்டர் இந்த வரிசையை 1964இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் 75ஆம் ஆண்டுக்காகத் தொடங்கியது. அதில் செய்தது சுமார் 1,500 மட்டும். கைக்கு எட்டுவது கஷ்டம். 1966இல் கம்பெனியின் நூற்றாண்டுக்கு வந்தது தங்கமுலாம் பூசிய உடலும் எட்டுப்பட்டைக் குழலும் கொண்டது. ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1968 பஃபலோ பில் (பழைய அமெரிக்க மேற்கின் புகழ்பெற்ற ஆள்) பதிப்பும் லட்சத்துக்கு மேல்தான். அதன் மரக்கட்டையில் ஒரு பதக்கம் பதித்திருக்கும். 1967 கனடா நூற்றாண்டுப் பதிப்பு 90,000 அளவில் வந்தது. 'அபூர்வம்' என்று விற்பவர் சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சம் செய்தது எப்படி அபூர்வமாகும்? என் யோசனை, 1966 பதிப்பில் தொடங்குங்கள். நிறைய இருப்பதால் பொறுக்கி எடுக்கலாம்.

பொறுக்குவதில்தான் முழு வித்தையும். நான் சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்தவன், என் கண் முதலில் திருகாணிக்குத்தான் போகும். தலைப்பள்ளம் கூர்மையாக இருக்கிறதா, பிசிறு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிசிறு இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அடுத்து போல்ட்டின் (லீவரை இழுத்தால் முன்பின் நகரும் உலோகத் துண்டு) மேல்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லீவரை இழுத்து இழுத்து விளையாடியிருந்தால் நீளவாக்கில் ஒரு தேய்ந்த கோடு தெரியும். "லீவரை ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். முகம் சுளித்தால் நல்ல சகுனம். உடலின் அடிப்புறத்தில் உள்ள வரிசை எண்ணும் அட்டைப்பெட்டி ஒட்டுச்சீட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். வேறு துப்பாக்கியின் பெட்டியில் போட்டு விற்பதும் நடக்கிறது. வெளியுறை, கையேடு, தொங்கும் சீட்டு எல்லாம் இருந்தால்தான் நல்ல விலை.

1964க்கு முந்தைய மாடல் 94தான் உசத்தி என்று ஒரு பேச்சு உண்டு. இந்தச் சேகரிப்பில் அதற்கு வேலையில்லை. இங்கே எல்லாமே 1964லிருந்துதான். ஆனால் 1964க்குப் பிந்தைய அந்தக் காலத்து உடல் உலோகத்தில் சாதாரண முறையில் மறுபடி நீலம் (துருவைத் தடுக்கும் கருநீல மேற்பூச்சு) ஏறாது. தேய்ந்ததை வாங்கிச் சரிசெய்யலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

பாதுகாப்புப் பெட்டி எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு) 953 தரத்தில் இருக்க வேண்டும். போலீஸ் வந்து பார்ப்பார்கள். நம் ஊர்க் கடல்காற்றுக்கு உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். தோலுறையிலோ பஞ்சுமெத்தைப் பெட்டியிலோ வைத்தால் ஈரம் பிடித்துத் துருவேறும். பருத்திக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தங்கமுலாம் மிக மெல்லியது, பிராசோ மாதிரி உலோகப் பாலிஷ் பக்கமே போகக்கூடாது. மெல்லிய துணியில் லேசாக மெழுகு போதும். ஆயுத பூஜைக்கு என் மனைவி சந்தனமும் குங்குமமும் கொண்டுவருவாள். அதைப் பெட்டியின் கதவுக்கு வைத்துவிடச் சொல்வேன், துப்பாக்கிக்கு வேண்டாம்.

17ஆம் பிரிவு லைசென்ஸ் 10 வருஷம். காலாவதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க மனுப் போட்டாக வேண்டும். இன்னொன்று, நாம் போனபிறகு பிள்ளை அதை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அவனுக்கும் தகுதிச் சான்றிதழும் லைசென்ஸும் வேண்டும். ஆசையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே பயிற்சிக்கு அனுப்பிவையுங்கள்.